மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கும் சேமிப்பு

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், விவசாயம் செய்யும் உறுப்பினர்களுக்கான அமர்வில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



மைக் பிடித்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. தீர்மானப் புத்தகம் எழுதத் தெரியும், வரவு செலவு பார்க்கத் தெரியும், கொல்லையில் களை வெட்டத் தெரியும். அதனால் பேச்சில் தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

விழா என்றால் சாதனையைத்தான் பேசுவோம். கடன் வாங்கி மாடு வாங்கினோம், தையல் மெஷின் வாங்கினோம், பிள்ளையைப் படிக்க வைத்தோம் என்று காலையிலிருந்து கேட்டோம். கேட்கவே மனசு நிறைந்தது. நான் சொல்லப் போவது எங்கள் குழுவுக்கு வந்த ஒரு நஷ்டம். அதுவும் அடுத்தவர் செய்ததல்ல, நானே செய்தது. "இதைப் பேசலாமா அம்மா?" என்று தலைவி அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டேன். "அதையே பேசு, மலரிலேயும் போடுவோம்" என்றார்கள். அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன்.

பாஸ்போபாக்டீரியா என்ற பெயரை நீங்கள் எல்லோருமே கேட்டிருப்பீங்க. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கருப்புத் தூளாக 200 கிராம் பாக்கெட்டில் கொடுப்பார்களே, அதுதான். இப்போது பாட்டிலில் திரவமாகவும் வருது. அந்தக் கருப்புத் தூள் உரம் இல்லை. பழுப்பு நிலக்கரியைப் பொடித்து அதில் பாக்டீரியாவைக் கலந்திருக்காங்க. நம்ம நெய்வேலியில் வெட்டி எடுக்கிறார்களே, அந்த வகைக் கரிதான். கரி வெறும் வீடு. அதில் குடியிருக்கும் உயிர்தான் சரக்கு. இந்த ஒரு விஷயம் எனக்கு முதலிலேயே உறைத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

முதலில் மணிச்சத்து என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்று பெரிய சத்து வேண்டும். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வேர் ஓடுவதற்கும், பூ பிடிப்பதற்கும், மணி திரள்வதற்கும் அது வேண்டும். குறைந்தால் செடி குட்டையாக நிற்கும். இலை வழக்கத்தை விடக் கரும்பச்சையாகத் தெரியும், சில பயிரில் அடி இலை ஊதா பூக்கும். பச்சை கருத்திருப்பதைப் பார்த்து "நல்லா இருக்கே" என்று நாம் ஏமாந்து போவோம்.

மண்ணில் மணிச்சத்தே இல்லையா என்றால், இருக்கு. ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண்ணை மட்டும் எடுத்து எடை போட்டால் சுமார் ஒன்பது லட்சம் கிலோ வரும். அதற்குள் பாஸ்பரஸ் பொதுவாகச் சில நூறு கிலோ இருக்கும். ஒரு போகம் மல்லாட்டைக்கோ நெல்லுக்கோ தேவைப்படுவது சில கிலோதான். அப்புறம் ஏன் நாம் வருஷா வருஷம் டி.ஏ.பி. மூட்டை தூக்குகிறோம்? ஏனென்றால் அந்தச் சத்து பூட்டிக் கிடக்கு. சுண்ணாம்புச் சத்து உள்ள கரிசல் மண்ணில் சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். நம்ம பக்கத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் கரைந்தால்தான் வேர் உறிஞ்ச முடியும். அது கரையாமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், குழுக் கணக்கில் பணம் இருக்கு, ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. பாஸ்புக்கைப் பார்த்தால் பணம் தெரியும், அவசரத்துக்கு எடுக்க முடியாது. மண்ணில் மணிச்சத்து இருக்கிற நிலை அதுதான்.

இதில் இன்னொரு வேதனை. நாம் காசு கொடுத்துப் போடுகிற உரமும் அந்தப் பூட்டுக்குள்ளேதான் போகிறது. டி.ஏ.பி. ஒரு மூட்டை 50 கிலோ. அதில் தழைச்சத்து நூற்றுக்கு 18, மணிச்சத்து நூற்றுக்கு 46. மூட்டைக்கு 23 கிலோ மணிச்சத்து என்று கணக்கு. போட்ட அந்த ஒரு போகத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்கு 15, 20 தான். மீதியை மண் பிடித்துக்கொள்ளும். அது அழிந்து போகவில்லை, நம் நிலத்திலேயே இருக்கு, பின்னால் வரும் பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் 1,350 ரூபாய் கொடுத்து வாங்கிய மூட்டையில் முக்கால் பாகத்துக்கு மேல் இந்தப் போகத்தில் கைக்கு வராது.

அந்த 1,350 ரூபாயும் முழு விலை இல்லை, அரசாங்கம் மானியம் போட்டுக் கொடுக்கிற விலை. டி.ஏ.பி. செய்யப் பாறைப் பாஸ்பேட் வேண்டும். நம் நாட்டில் ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஜாமர்கோட்ராவில் வெட்டி எடுக்கிறார்கள், ஆனால் நாட்டுக்கு அது போதாது. பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருது. உலகத்திலேயே அதிகமாக இந்தப் பாறை இருப்பது மொராக்கோ நாட்டில். எங்கேயோ கப்பல் நின்றால் நம்ம ஊர் சொசைட்டியில் "டி.ஏ.பி. ஸ்டாக் இல்லை" என்று பலகை மாட்டிவிடுகிறார்கள்.

சரி, இந்தப் பூட்டை பாக்டீரியா எப்படித் திறக்கிறது? பயிற்சியில் மேடம் சொன்னதை அப்படியே சொல்றேன். உப்புத் தண்ணீர் காய்ச்சுற பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும் இல்லையா? எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்தால் கரைந்து போகும். வெள்ளைச் சேலையில் இரும்புக் கறை பட்டாலும் எலுமிச்சைதான் தேய்ப்போம். புளிப்புக்குச் சுண்ணாம்பும் விடும், இரும்பும் விடும். இந்தப் பாக்டீரியா வேரைச் சுற்றி உட்கார்ந்து, வேர் கசிய விடுகிற சர்க்கரையைத் தின்று, அதே மாதிரிப் புளிப்பை வெளியே விடுகிறது. எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் அதில் ஒன்று, குளுக்கோனிக் அமிலம் என்று இன்னொன்று. அந்தப் புளிப்பு பட்ட இடத்தில் சுண்ணாம்போ இரும்போ பிடியை விடும், மணிச்சத்து கரைந்து வேருக்குக் கிடைக்கும். எரு, தழை இவற்றுக்குள் இருக்கும் மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் நொதியையும் இவை விடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார்கள். கடல்பாசிக் கூழில் சர்க்கரையும் கரையாத சுண்ணாம்புப் பாஸ்பேட்டும் கலந்து ஊற்றியிருந்தார்கள். தட்டு முழுக்க மோர் ஊற்றின மாதிரி வெள்ளையாகக் கலங்கி இருந்தது. அதில் பாக்டீரியாவை வைத்துச் சில நாள் விட்டிருந்தார்கள். பாக்டீரியா வளர்ந்த ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் அந்த வெள்ளை கரைந்து, கண்ணாடி மாதிரி தெளிவாக ஒரு வளையம். வளையத்துக்குள் அடியில் வைத்த பேப்பரின் எழுத்து தெரியுது. இந்தக் கூழைக் கண்டுபிடித்தவர் பிகோவ்ஸ்கயா என்ற சோவியத் நாட்டு விஞ்ஞானி, 1948-இல். அவரும் ஒரு பெண். இன்றைக்கும் உலகத்தில் எந்த ஆய்வகத்தில் இதைச் செய்தாலும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள் என்று மேடம் சொன்னபோது எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

அந்தப் பெருமையோடு ஊருக்கு வந்தோம். எங்கள் குழுவில் 14 பேர். பத்துப் பேருக்குச் சொந்தமாகவோ குத்தகையாகவோ நிலம் இருக்கு. பாக்கெட்டை மொத்தமாக எடுத்துவந்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, பாக்கெட்டுக்கு 2 ரூபாய் குழுவுக்கு வைத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டோம். 2021 கார்த்திகைப் பட்டத்தில் முதல் ஆளாக நானே என் முக்கால் ஏக்கரில் போட்டேன். டி.ஏ.பி. ஒரு கிலோகூடப் போடவில்லை. மல்லாட்டை வழக்கம் போலவே காய்த்தது, ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. "டி.ஏ.பி.யே வேணாம் அக்கா, இதுவே போதும், என் கொல்லையே சாட்சி" என்று தெருவெல்லாம் சொன்னேன்.

எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா. ஒண்டிக்கட்டை. கிணற்றுப் பாசனத்தோடு ஒரு ஏக்கர் குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டித்தான் கையெழுத்துப் போடுவார்கள், ஆனால் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. 2022 ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கக் குழுவில்தான் உள்கடன் வாங்கினார்கள். "ஏம்மா, நீ சொல்றது நெசந்தானா? டி.ஏ.பி. காசு மிச்சமானா வட்டிக்கு ஆவும்" என்று கேட்டார்கள். "நெசம் பெரியம்மா, நான் இருக்கேன்" என்றேன். தைப்பட்டத்துக்கு வாங்கி மீதி இருந்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பாக்கெட் எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் வீட்டுப் பின்னால் தகரக் கொட்டகையில். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. அக்னி நட்சத்திரம் முழுக்க. பக்கத்திலேயே யூரியா மூட்டை. அந்தக் கொட்டகையில் மதியத்தில் நாய்கூடப் படுக்காது.

பெரியம்மாவுக்கு வழக்கமாக 25 மூட்டை வரும். அந்தப் போகம் 18 மூட்டை. பக்கத்துக் கொல்லையில் அதே மழை, அதே விதை, அவர்களுக்குக் குறையவில்லை. காய் பறித்த அன்றைக்கு நான் போயிருந்தேன். செடியைப் பிடுங்கித் தட்டிக் காட்டினார்கள். பொக்குக் காயாக இருந்தது. திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த வாரம் குழுக் கூட்டத்துக்கு வந்து, சேமிப்பையும் தவணையையும் சரியாக எண்ணி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு நான் எழுந்து, "இது என் பேச்சைக் கேட்டு வந்த நஷ்டம்" என்று சொன்னேன். குழுவில் இரண்டு பேச்சு வந்தது. "விவசாயம்னா அப்படித்தான், இதுக்கெல்லாம் குழு பொறுப்பாக முடியுமா?" என்று சிலர். "நம்ம வாயை நம்பித்தானே செய்தாங்க" என்று சிலர். கடைசியில் அந்தக் கடனுக்கு வட்டியைத் தள்ளுபடி செய்வது, பாக்கெட்டில் வந்த லாபத்தை அவருக்கு அடுத்த போகம் விதை வாங்கக் கொடுப்பது என்று தீர்மானம் எழுதினோம். பெரியம்மா கைநாட்டு வைக்காமல் நிறுத்திப் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு என்னிடம், "வட்டியைத் தள்ளினீங்க, சரி. உன் கொல்லையில வெளைஞ்சது, என் கொல்லையில ஏன் வெளையல? அத்த கண்டுபுடிச்சு சொல்லு" என்றார்கள்.

அக்கா தங்கச்சிமார்களே, அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நான் இரண்டு வேலை செய்தேன்.

முதல் வேலை, இரண்டு கொல்லை மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மண்வள அட்டை வந்தது. எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே மணிச்சத்து கிடைக்கும் நிலையில் இருந்தால் குறைவு, 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம் என்று கணக்கு. என் கொல்லையில் 31. பெரியம்மா கொல்லையில் 8. அப்போதுதான் எனக்கு வெட்கமாகப் போனது. என் மாமனார் காலத்திலிருந்தே நாங்கள் போகத்துக்குப் போகம் டி.ஏ.பி. கொட்டியவர்கள். என் மண்ணில் சேமிப்பு ஏராளம். அந்த வருஷம் எந்தப் பாக்கெட்டும் போடாமல் இருந்திருந்தாலும் என் மல்லாட்டை விளைந்திருக்கும். என் மண்ணின் இருப்பைப் பாக்கெட்டின் சாதனை என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியம்மா நிலம் காலங்காலமாகக் கைமாறின குத்தகை நிலம். எடுத்தவர்கள்தான் உண்டு, போட்டவர்கள் இல்லை.

பாக்டீரியா சத்தை உண்டாக்காது. இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கும். தழைச்சத்து அப்படி இல்லை. மல்லாட்டை வேரில் முடிச்சுக் கட்டுகிற ரைசோபியம் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மணிச்சத்து காற்றில் இல்லை. மண்ணில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெளியிலிருந்துதான் போட வேண்டும். இன்னொன்றும் புரிந்தது. டி.ஏ.பி.யில் தழைச்சத்தும் மூட்டைக்கு 9 கிலோ இருக்கு. நான் டி.ஏ.பி.யை நிறுத்தச் சொன்னபோது, இளஞ்செடிக்குப் போக வேண்டிய அந்தத் தழைச்சத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டேன். அது என் நினைப்பிலேயே இல்லை.

இரண்டாவது வேலை, கொட்டகையில் மீதி இருந்த ஒரு பாக்கெட்டையும், புதிதாக வந்த ஒரு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அதே வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். "மேடம், இது உயிரோடு இருக்கா பாருங்க" என்றேன். அவர்கள் அந்த வெள்ளைக் கூழில் இரண்டையும் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினார்கள். புதுப் பாக்கெட் வைத்த தட்டில் வளையம் வளையமாகத் தெளிந்திருந்தது, எண்ணி மாளாது. என் பாக்கெட் வைத்த தட்டில் மூன்றோ நான்கோதான். மீதி அப்படியே வெள்ளை. இந்த வகையில் பேசில்லஸ் என்ற பாக்டீரியா விதை மாதிரி ஓடு கட்டித் தூங்கும், அதனால் சிலது தப்பித்திருக்கும், சூடோமோனாஸ் மாதிரி வகைகளுக்கு அந்தச் சக்தி கிடையாது என்று விளக்கினார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். காலாவதித் தேதி முடிந்து போயிருந்தது. அதை நான் ஒரு நாளும் படித்ததில்லை.

உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இல் வந்தது. அதில் உயிர் உரங்களை 2006-இல் சேர்த்தார்கள். அதன்படி தூளாக இருந்தால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும், திரவமாக இருந்தால் ஒரு மில்லிக்கு 10 கோடி. அந்தக் கணக்கில் 200 கிராம் பாக்கெட்டில் ஆயிரம் கோடி உயிர். நான் அத்தனையையும் தகரக் கொட்டகையில் வறுத்து, வெறும் கரியைப் பெரியம்மா கையில் கொடுத்திருக்கிறேன்.

இரண்டையும் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப மருந்து பொய்யில்ல, நாமதான் சரியா வெக்கல" என்றார்கள். அடுத்த ஆடிக்கு அவர்களே ஒரு ஏற்பாடு சொன்னார்கள். "அரை ஏக்கர் என் பழக்கம், அரை ஏக்கர் உன் பேச்சு. பார்ப்போம்."

2023 ஆடியில் அப்படியே செய்தோம். ஒரு பாதியில் வழக்கம் போல 25 கிலோ டி.ஏ.பி. மறுபாதியில் கால் பங்கு குறைத்துச் சுமார் 19 கிலோ டி.ஏ.பி., அதோடு புதிதாக வாங்கிய பாஸ்போபாக்டீரியா. எரு இரண்டு பக்கமும் ஒன்று போல, ரைசோபியமும் இரண்டு பக்கமும். காய் பறித்து அளந்தோம். பழக்கப் பாதியில் பன்னிரண்டரை மூட்டை, பேச்சுப் பாதியில் பன்னிரண்டே முக்கால் மூட்டை. கால் மூட்டை வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை, கூடை அளவில் போகும். ஆனால் கால் பங்கு டி.ஏ.பி. குறைத்தும் விளைச்சல் குறையவில்லை. நான் முதலில் சொன்ன மாதிரி அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான், இது உண்மை.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஏக்கருக்குக் கால் மூட்டை மிச்சம் என்றால் 337 ரூபாய் சொச்சம். பாக்கெட் விலை அதில் கொஞ்சம்தான். நம் உறுப்பினர்கள் பயிர் வைக்கிற நிலம் ஒரு ஊரில் 40 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் போகத்துக்கு 10 மூட்டை, 13,500 ரூபாய். நம்ம குழுக்களில் எத்தனையோ பேர் இதை விடச் சிறிய தொகையை வாங்கித்தான் தொழிலே தொடங்கினோம்.

இனி எப்படிப் பயன்படுத்துவது என்று எங்கள் அனுபவத்தில் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்குப் போய் மற்றவர்களுக்கும் சொல்லுங்க.

முதலில் மண்வள அட்டை. மணிச்சத்து அதிகம் என்று இருந்தால் டி.ஏ.பி.யைத் தாராளமாகக் குறைக்கலாம், அதிகாரியைக் கேட்டு எவ்வளவு என்று முடிவு செய்யுங்க. குறைவு என்று இருந்தால் உரத்தை நிறுத்தவே கூடாது. பாக்டீரியாவைத் துணைக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பின்பக்கம் திருப்புங்க. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எந்தப் பயிருக்கு என்று பாருங்க. கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்க. விதைக்கிற வாரத்தில் வாங்கினால் போதும், மலிவாகக் கிடைக்குதென்று அடுத்த பட்டத்துக்கும் சேர்த்து வாங்காதீங்க. தகரக் கொட்டகை வேண்டாம். ஓட்டு வீட்டில், தண்ணீர்ப் பானை வைக்கிற மூலை மாதிரி குளிர்ந்த இடத்தில் வையுங்க. ரசாயன உரம், பூச்சி மருந்து பக்கத்தில் இருக்கக் கூடாது.

விதைக்கு என்றால், மல்லாட்டைக்கு ஒரு எக்டர் விதைக்கு மூன்று பாக்கெட், அதாவது 600 கிராம். நன்றாக ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதை மேல் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்க. கஞ்சி சூடாக இருந்தால் மறுபடியும் நான் செய்த வேலைதான் நடக்கும். விதைக்குப் பூஞ்சாண மருந்து கலப்பதாக இருந்தால் முதலில் அதைக் கலந்து, ஒரு நாள் விட்டு அடுத்த நாள்தான் பாக்டீரியா. மல்லாட்டை விதையின் தோல் உரியாமல் மெதுவாகப் புரட்ட வேண்டும், அது உங்களுக்கே தெரியும்.

நிலத்துக்கு என்றால், ஏக்கருக்கு நான்கு பாக்கெட்டைப் பத்துக் கிலோ மக்கின எரு, பத்துக் கிலோ மண்ணோடு கலந்து, விதைப்புக்கு முன் சாயங்காலம் வெயில் தாழ்ந்து தூவுங்க. நெல் நடவு என்றால் நாற்றின் வேரை நனைத்தும் நடலாம். திரவமாக வாங்கினால் பாட்டில் மேல் போட்டிருக்கும் அளவைப் பாருங்க. டி.ஏ.பி.யோடும் யூரியாவோடும் ஒரே கூடையில் கலந்து தூவவே கூடாது.

கடைசியாக எரு. இந்தப் பாக்டீரியா நமக்குத் தானம் செய்ய வரவில்லை, அதற்கும் வயிறு இருக்கு. மண்ணில் மக்கு இல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. எரு போடாத கட்டாந்தரையில் ஆயிரம் கோடியைக் கொட்டினாலும் பட்டினி கிடந்து செத்துப் போகும். மாடு வைத்திருக்கும் குழுவும் நிலம் வைத்திருக்கும் குழுவும் ஒரே கூட்டமைப்பில்தான் இருக்கிறோம். எருவுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை.

கூட்டமைப்புக்கு என் சார்பில் மூன்று கோரிக்கை. ஒன்று, அடுத்த பட்டத்துக்கு முன் எல்லாக் குழுவிலும் நிலம் உள்ள உறுப்பினர்களின் மண்ணைச் சேர்த்து ஒரே நாளில் பரிசோதனைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு, குழு எடுத்துவரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் காலாவதித் தேதியோடு ஒரு பதிவேடு. நாங்கள் இப்போது அப்படித்தான் எழுதுகிறோம். மூன்று, யாராவது ஒரு புதுப் பொருளை "நல்லா இருக்கு" என்று சொன்னால், முதலில் அரை ஏக்கரில் போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற உறுப்பினருக்குச் சொல்வது என்று தீர்மானம் போட வேண்டும். அந்தத் தீர்மானம் அன்றைக்கு இருந்திருந்தால் என்னைத் தடுத்திருக்கும்.

பெரியம்மா இன்றைக்கு இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். மூன்றாவது வரிசை. பேர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள், அதனால் சொல்லவில்லை. இந்த வருஷம் முழு ஏக்கருக்கும் பாக்கெட் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் வாங்கிக் கொடுக்கப் போனேன். கையில் வாங்கினதும் பின்பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டித் தேதியைப் படித்துவிட்டுத்தான் உள்ளே எடுத்து வைத்தார்கள்.